யுனிவர்ஸ் ஸ்ப்ளிட்டர் செயலி: இணையா, மாற்றா?

ஐபோனில் இயங்கும் யுனிவர்ஸ் ஸ்ப்ளிட்டர் என்னும் சிறு செயலியைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதைத் திறந்தால் இரண்டு கட்டங்கள் தோன்றும். ஒன்றின் மேல், ஒரு பிரபஞ்சத்தில் நான் இப்போது இதைச் செய்வேன் என்றும், மற்றதன் மேல், இன்னொரு பிரபஞ்சத்தில் நான் இப்போது இதைச் செய்வேன் என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். நமக்கு முன்னால் உள்ள இரண்டு வழிகளை அந்தக் கட்டங்களில் எழுதிவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். செயலி இணையத்தின் வழியே சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் உள்ள ஒரு குவாண்டம் கருவியை, அதாவது மிகச் சிறிய துகள்களின் இயல்பைக் கொண்டு இயங்கும் கருவியைத் தொடர்புகொள்கிறது. அங்கே ஓர் ஒளித்துகள், அதாவது ஒரு ஃபோட்டான், பாதி வெள்ளி பூசிய கண்ணாடியின் மீது விழுந்து எந்தப் பக்கம் போனது என்ற விடையைப் பெற்று, நாம் இருப்பது எந்தப் பிரபஞ்சம் என்று சில நொடிகளில் அறிவிக்கிறது.

அதன் வேலை அவ்வளவுதான். விலையும் ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவுக்குள் அடங்கிவிடும். பூவா தலையா போட்டுப் பார்ப்பதன் கைபேசி வடிவம் என்று சொல்லி இரண்டு வரியில் இந்த மதிப்புரையை முடித்துவிட முடியும். ஆனால் பிரபஞ்சத்தைப் பிரிப்பது என்று பெயரிலேயே ஒரு வாக்குறுதியைத் தாங்கி வரும் பொருளை, அந்த வாக்குறுதியின் பொருள் என்ன, அது எவ்வளவு தூரம் நிறைவேறுகிறது என்று பார்த்துத்தானே மதிப்பிட வேண்டும்? அப்படிப் பார்க்கப் புகுந்தபோது, இதை வாங்குபவர்களில் பலர் ஒன்றை நினைத்து வாங்குகிறார்கள், செயலி தருவது வேறொன்று என்று எனக்குத் தெளிவாயிற்று. இந்த வேறுபாட்டை எனக்குப் புரியவைத்தவர் இயற்பியல் படித்தவர் அல்லர். என் பெரியம்மா மகன்.

பெரியம்மா சென்ற ஆடி மாதத்தில் காலமானார். நள்ளிரவில் மூச்சு வாங்கியது, விடிந்ததும் மருத்துவமனைக்குப் போகலாம் என்று அவரே சொன்னார், அண்ணன் காத்திருந்தார். தீபாவளிக்குப் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து இந்தச் செயலியை அவருக்குக் காட்டினேன். இரண்டு கட்டங்களையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “தம்பி, இதுல அந்த ராத்திரியைப் போட முடியுமா? விடியற வரைக்கும் வச்சுக்காம அம்மாவை அப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா, அப்படி ஒரு உலகம் இருக்கும்ல?” என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. இருக்கலாம் அண்ணே என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அவர் கேட்டது ஒரு மாற்று உலகம். செயலி பேசுவது இணை உலகங்களைப் பற்றி. இரண்டும் ஒன்று என்று அன்று நான் தலையாட்டியிருந்தால் அது அவருக்குச் செய்த நேர்மையான உதவியாக இருந்திருக்காது.

மாற்று என்ற சொல்லை நாம் அன்றாடம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள். மாற்றுப் பாதை, மாற்றுத் துணி, மாற்றுச் சாவி, மாற்று ஏற்பாடு: எல்லாமே ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து நிற்பதைக் குறிக்கின்றன. பாலத்தில் வேலை நடக்கும்போது மாற்றுப் பாதையில் போகிறவர் பாலத்தில் போவதில்லை. மாற்றுப் பிரபஞ்சம் என்பதும் அத்தகையதே. இது இப்படி நடந்திராமல் வேறு விதமாக நடந்திருந்தால் என்ற கேள்வியிலிருந்து பிறப்பது அது. ஒரு போர் எதிர்த்தரப்புக்கு வெற்றியாக முடிந்திருந்தால் உலக வரைபடம் எப்படி இருந்திருக்கும் என்று எழுதும் வரலாற்றுப் புனைவுகளும், தங்களுக்குப் பிடித்த கதாபாத்திரங்களை வேறொரு காலத்திலோ ஊரிலோ தொழிலிலோ வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளும் இந்த வகையில் அடங்கும். அந்த உலகத்தை உண்டாக்குவது நம் கற்பனை. அதில் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்று முடிவு செய்வதும் நாமே. அது எங்காவது உண்மையில் இருந்தாக வேண்டும் என்ற தேவையே அதற்கு இல்லை.

இணை என்ற சொல் அப்படிப்பட்டது அன்று. பள்ளியில் நாம் வரைந்த இணைகோடுகளில் ஒன்று மற்றதன் இடத்தைப் பிடிப்பதில்லை. இரண்டும் ஒருசேர இருக்கின்றன, ஒன்றையொன்று தொடாமல் போகின்றன. இணைப் பிரபஞ்சம் என்று இயற்பியலாளர்கள் பேசும்போது அவர்கள் கோருவது இந்த ஒருசேர இருத்தலைத்தான். இருந்திருந்தால் என்பதற்கு அங்கே இடமில்லை. இருக்கிறதா, இல்லையா என்பது மட்டுமே கேள்வி. அதில் என்ன இருக்கும் என்பதை நம் ஆசை தீர்மானிப்பதில்லை. சமன்பாடுகளும் தொடக்க நிலைகளும் தீர்மானிக்கின்றன.

இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கும் இரண்டு சொற்கள் எப்படிக் கலந்தன என்பதில் படக்கதைகளுக்குப் பங்கு உண்டு என்று கருதுகிறேன். 1961இல் அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனம், ஒரே பெயர் கொண்ட தன் பழைய நாயகனையும் புதிய நாயகனையும் ஒரே கதையில் சந்திக்க வைப்பதற்காக, இருவருக்கும் தனித்தனிப் பூமிகள் உண்டு என்று அமைத்தது. வேறு விதமான வரலாறு கொண்டது என்பதால் அந்தப் பூமி மாற்று உலகம்; இதனோடு கூடவே இருக்கிறது என்பதால் இணை உலகம்; போய்வரவும் முடியும். இந்த மூன்றும் சேர்ந்த உருவம் பின்னர்த் திரைப்படங்களின் வழியே நம் எல்லோருடைய மனத்திலும் பதிந்துவிட்டது. கதைக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் செயலியின் பொத்தானில் விரல் வைக்கும்போதும் அதே உருவத்தை நாம் கொண்டுவந்துவிடுகிறோம்.

இனி அந்தக் கருவியைப் பார்ப்போம். குவாண்டிஸ் என்ற பெயருடைய அதை, 2001இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த ஐடி குவாண்டிக் நிறுவனம் தயாரிக்கிறது. கணிக்கவே முடியாத எண்களை உண்டாக்கித் தருவதுதான் அதன் தொழில். சங்கேதக் குறியீடுகளுக்கும் குலுக்கல்களுக்கும் அத்தகைய எண்கள் தேவைப்படுகின்றன. மிகவும் மங்கலான ஒளிமூலத்திலிருந்து ஃபோட்டான்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. எதிரே உள்ள கண்ணாடி, விழும் ஒளியில் பாதியைத் திருப்பி அனுப்பும். பாதியை ஊடுருவ விடும். ஆனால் ஒரு ஃபோட்டான் பாதியாக உடைவதில்லை. இரண்டு பாதைகளின் முடிவிலும் உள்ள உணர்விகளில் ஏதாவது ஒன்றுதான் அதைப் பதிவு செய்யும். ஓர் உணர்வி பதிவு செய்தால் விடை சுழி (0), மற்ற உணர்வி பதிவு செய்தால் விடை ஒன்று (1). இந்தக் கருவியின் ஒரு வடிவம் நொடிக்கு 40 லட்சம் முறை இத்தகைய விடைகளைத் தருகிறது.

ஃபோட்டான் எந்தப் பக்கம் போகும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் தகவல் எதுவும் குவாண்டம் கோட்பாட்டின் வழக்கமான வடிவத்தில் இல்லை. நம் அறியாமையால் தெரியாமல் இருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. தெரிந்துகொள்ள அங்கே எதுவுமே இல்லை என்பதே அக்கோட்பாட்டின் நிலை. நாணயம் இப்படிப்பட்டதன்று. எவ்வளவு விசையோடு, எந்தக் கோணத்தில் சுண்டினோம் என்று தெரிந்தால் அதன் விடையைக் கணக்கிட முடியும். 2007இல் பெர்சி டயகோனிஸ் என்ற கணிதவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும், கையால் சுண்டிய நாணயம் முதலில் மேலே இருந்த பக்கமாகவே சற்றுக் கூடுதலான தடவை விழும் என்று காட்டினார்கள். பின்னர் 48 பேர் சேர்ந்து 3,50,757 முறை சுண்டிப் பார்த்ததில், 50.8 விழுக்காடு அப்படியே விழுந்தது. ஆக, குவாண்டிஸ் கருவியின் விடை நாணயத்தின் விடையைவிட ஆழமான பொருளில் தற்செயலானது. இந்த அளவில் செயலி சொல்வதில் குறையே இல்லை; நமது கைபேசிக்கு இத்தனை நுட்பமான ஓர் ஆய்வுக்கூடக் கருவியின் விடை வந்து சேர்கிறது என்பதே எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது.

ஆனால் தற்செயல் என்பதிலிருந்து பிரபஞ்சம் பிரிகிறது என்பதற்குப் போக இடையே ஒரு பெரிய படி இருக்கிறது. அந்தப் படியைக் கட்டியவர் ஹியூ எவரெட். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் வீலரிடம் ஆய்வு மாணவராக இருந்த அவர், 1957இல் தம் ஆய்வை வெளியிட்டார். குவாண்டம் சமன்பாட்டின்படி கண்ணாடியைத் தொட்ட ஃபோட்டான் திரும்பிய நிலையும் ஊடுருவிய நிலையும் கலந்த ஒரு கூட்டு நிலையில் இருக்கிறது. நாம் பார்க்கும்போது மட்டும் அவற்றில் ஒன்று காணாமல் போய்விடுகிறது என்று பாடநூல்கள் கூறிவந்தன. காணாமல் போவதற்குச் சமன்பாட்டில் எந்த இடமும் இல்லையே என்பதுதான் எவரெட்டின் கேள்வி. எதையும் சேர்க்காமலும் நீக்காமலும் சமன்பாட்டை அப்படியே நம்பினால், ஃபோட்டானைப் பதிவு செய்த உணர்வியும், அந்த விடையைப் படித்த மனிதரும் அதே கூட்டு நிலைக்குள் வந்துவிடுகிறார்கள். ஒரு கிளையில் சுழியைப் பார்த்தவர், மற்றொரு கிளையில் ஒன்றைப் பார்த்தவர். இருவரும் தாம் ஒரு விடையை மட்டுமே பார்த்ததாகச் சொல்வார்கள். இருவரும் சொல்வது சரி. எவரெட் 1959இல் கோபன்ஹேகனுக்குச் சென்று, குவாண்டம் கோட்பாட்டின் முன்னோடிகளில் ஒருவரான நீல்ஸ் போர் என்பவரைச் சந்தித்தார். அவருடைய கருத்து அங்கே ஏற்கப்படவில்லை. அதற்கு முன்பே கல்வித்துறையை விட்டு விலகி அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வுப் பணிக்குப் போயிருந்த அவர், 1982இல் தம் 51ஆம் வயதில் இறந்தார். 1970இல் பிரைஸ் டிவிட் எழுதிய கட்டுரைக்குப் பின்புதான் பல உலகங்கள் என்ற பெயரோடு இந்தக் கருத்து பரவலாகத் தெரிய வந்தது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. எவரெட்டின் உலகங்களுக்கு இணை என்ற சொல் முழுமையாகப் பொருந்துவதில்லை. இணைகோடுகள் எங்கேயும் சந்திப்பதில்லை. இந்த உலகங்களோ ஒரே அடிமரத்திலிருந்து பிரிந்தவை. பொத்தானை அழுத்தும் கணம் வரை இரண்டுக்கும் ஒரே வரலாறு, ஒரே பெற்றோர், ஒரே பள்ளிக்கூடம். கிளைப் பிரபஞ்சம் என்று சொல்வதே தமிழில் இதற்குச் சரியான பெயர் என்று நினைக்கிறேன். இணைதல் என்றால் சேர்தல் என்ற பொருளும் நம் மொழியில் இருப்பதால், இணைப் பிரபஞ்சம் என்று கேட்கும் ஒருவர் அவை எங்கோ இணைகின்றன என்று எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு இருக்கிறது. நடப்பது அதற்கு நேர் எதிரானது. ஹெச்.டைட்டர் ட்சே என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் 1970இல் தொடங்கிவைத்த ஆய்வுகள் காட்டியபடி, உணர்வியின் கோடானு கோடி அணுக்களும் சுற்றியுள்ள காற்றும் ஒளியும் அந்த விடையின் சுவடுகளை ஏந்திக்கொள்ளத் தொடங்கியதும், கிளைகள் ஒன்றை ஒன்று பாதிக்கும் வாய்ப்பு நடைமுறையில் அற்றுப் போகிறது. ஒரு கிளையிலிருந்து மற்றதற்குப் போவதோ செய்தி அனுப்புவதோ கிடையாது.

இணை என்ற சொல் உண்மையாகவே பொருந்தும் பிரபஞ்சங்கள் வேறு இருக்கின்றன. பெருவெடிப்பு நிகழ்ந்து ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இடையில் வெளி விரிந்துகொண்டே வந்திருப்பதால் நம்மால் காணக்கூடிய பகுதியின் ஆரம் ஏறத்தாழ 4,650 கோடி ஒளியாண்டுகள். அந்த எல்லைக்கு அப்பாலும் வெளி தொடர்ந்துகொண்டே போனால், அங்கே நம்முடையதைப் போன்ற பகுதிகள் இருக்கலாம். அவை நம்மிலிருந்து பிரிந்தவை அல்ல. இயற்பியலாளர் மேக்ஸ் டெக்மார்க் 2003இல் இத்தகைய கருத்துகளை நான்கு நிலைகளாக வகுத்தபோது எல்லைக்கு அப்பாலுள்ள பகுதிகளை முதல் நிலையிலும் எவரெட்டின் கிளைகளை மூன்றாம் நிலையிலும் வைத்தார். செயலிக்குத் தொடர்புள்ளது அந்த மூன்றாம் நிலை மட்டுமே.

செயலியின் விளக்க வாசகத்தில் எனக்கு இரண்டு மறுப்புகள் உண்டு. முதலாவது, ஃபோட்டான் கண்ணாடியில் திரும்புவதும் ஊடுருவுவதும் தனித்தனிப் பிரபஞ்சங்களில் ஒருசேர நடக்கின்றன என்று அது நிறுவப்பட்ட உண்மையைப் போலச் சொல்கிறது. எவரெட்டின் கொள்கை மிகுந்த தர்க்க ஒழுங்கு உடையது. ஆனால் அது மட்டுமே உள்ள விளக்கம் அன்று. 1952இல் டேவிட் போம் முன்வைத்த விளக்கத்தின்படி துகளுக்கு எப்போதும் ஒரே ஒரு பாதைதான் உண்டு. அதை வழிநடத்தும் அலைதான் இரு பக்கமும் போகிறது. 1986இல் கிரார்டி, ரிமினி, வெபர் ஆகிய மூவர் முன்வைத்த கோட்பாட்டில், கூட்டு நிலை உண்மையாகவே தானாகச் சுருங்கிவிடுகிறது. அதுதான் உண்மையென்றால், நீங்கள் அழுத்திய பொத்தான் ஒரே ஒரு விடையைத் தவிர வேறெதையும் உண்டாக்கவில்லை. இவற்றுள் எவரெட்டின் விளக்கத்தின் பக்கமே என் மனம் சாய்கிறது. ஆயினும், பணம் கொடுத்து வாங்குபவரிடம், இது ஒரு விளக்கத்தின்படி என்ற ஒரு சொற்றொடரைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது மறுப்பு இதைவிட முக்கியமானது. பொத்தானை அழுத்துவதால் பிரபஞ்சம் பிரிகிறது என்ற எண்ணத்தைச் செயலியின் பெயர் உண்டாக்குகிறது. எவரெட்டின் கொள்கைப்படி கிளைத்தல் நாம் கேட்டு நடப்பதன்று. ஜெனீவாவில் அந்தக் கருவி நமக்காகக் காத்திராமல் நொடிக்கு லட்சக்கணக்கான விடைகளை வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கும். பாறையில் உள்ள யுரேனியம் அணு சிதைவதும் சிதையாதிருப்பதும் எந்தச் செயலியும் இல்லாமலேயே கிளைகளை உண்டாக்குகின்றன. நம் விரல் செய்வது ஒரே ஒரு காரியம்: எங்கோ எப்படியும் நிகழ்கிற ஒரு கிளைத்தலோடு நம்முடைய செயலை முடிச்சுப் போடுகிறது. அந்த முடிச்சு இல்லாவிட்டால் இரு கிளைகளிலும் நாம் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருப்போம்.

இதைப் புரிந்துகொண்டால், நாம் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் பிரபஞ்சத்தை இரண்டாகப் பிளக்கிறது என்று திரைப்படங்கள் வழியே நாம் நம்பி வந்த எண்ணமும் ஆட்டம் கண்டுவிடும். யோசித்து, காரணம் கண்டு, ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தவர், சின்னஞ்சிறு குவாண்டம் வேறுபாடுகள் உள்ள பெரும்பாலான கிளைகளிலும் அதே வழியைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார், ஏனென்றால் காரணங்கள் எல்லாக் கிளைகளிலும் அவையேதான். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கனம், அதாவது அதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் ஓர் அளவு உண்டு. 1926இல் மாக்ஸ் போர்ன் தந்த விதி அந்தக் கனத்தைக் கணக்கிட்டுத் தருகிறது. வேறு விதமாக முடிவெடுத்த கிளை எங்காவது இருக்கலாம். ஆனால் அதன் கனம் மிக மிகச் சிறியதாக இருக்க எல்லாக் காரணங்களும் உண்டு. பாதி வெள்ளி பூசிய கண்ணாடியோ இரண்டு விடைகளுக்கும் சரிபாதிக் கனத்தைக் கொடுக்கிறது. எனவே, ஒரு கேள்வியை இந்தச் செயலியிடம் ஒப்படைக்கும்போது, நம் அறிவு ஒருபுறமாகச் சாய்த்து வைத்திருந்த தராசை நாமே பிடித்துச் சமமாக்கிவிடுகிறோம். இரண்டில் ஒன்று கெட்ட வழி என்று உள்ளூரத் தெரிந்திருந்தும் அதைக் கட்டத்தில் எழுதினால், எவரெட் சொல்வது உண்மையாக இருக்கும் பட்சத்தில், நம் எதிர்காலத்தில் பாதியை நாமே அந்தக் கெட்ட வழியில் அனுப்பிவைக்கிறோம். உடல்நலம், கடன், படிப்பு, திருமணம் போன்றவற்றை இதில் எழுதவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் ஊர்க் கோவில்களில் திருவுளச்சீட்டு எடுக்கும் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தேன். எழுதி மடித்துப் போட்ட சீட்டுகளில் ஒன்றைக் குழந்தை எடுத்துக் கொடுத்ததும் மற்றச் சீட்டு வெறும் தாளாகிவிடுகிறது. சந்நிதியில் வந்ததே விடை என்று மனம் அடங்குகிறது. அங்கே இருப்பது மாற்று என்ற உறவு. இந்தச் செயலியில் மற்றச் சீட்டு தாளாவதில்லை; அதை எடுத்தவரும் இருக்கிறார், அவரும் நாமே. திருவுளச்சீட்டு தரும் அமைதியை இதில் தேடுபவருக்கு அது கிடைக்காது. சிலருக்கு எதிர்மாறாகப் பதற்றம்கூட வரலாம்.

இனிப் பயன்படுத்துபவராக என் அனுபவம். செயலி ஆங்கிலத்தில் இருந்தாலும் கட்டங்களில் தமிழில் எழுதிக்கொள்ளலாம். இணையம் இல்லாத இடத்தில் பயன்படாது. தன்மையே அதுவாக இருப்பதால் அதைக் குறையென்று சொல்ல மாட்டேன். தோற்றம் எளிமையாக இருக்கிறது. அழுத்தியதும் விடை வருவதற்குள் கடக்கும் அந்தச் சில நொடிகள்தான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கருவியில் கிளைத்தல் நிகழ்ந்துவிட்டது, அதன் சுவடு கம்பிகளின் வழியே நாடுகளையும் கடல்களையும் கடந்து வந்துகொண்டிருக்கிறது, என் கையை இன்னும் எட்டவில்லை என்று அந்நேரத்தில் நினைத்துக்கொள்வேன். பிரபஞ்சம் முழுவதும் ஒரே கணத்தில் இரண்டாகப் பிளந்துவிடுகிறது என்பது பிழையான சித்திரம். கிளைகளின் வேறுபாடு ஒளியின் வேகத்தை மிஞ்சாமல், ஒன்றைத் தொட்டு ஒன்றாகத்தான் பரவுகிறது. இதை உடலால் உணர வைக்கும் வேறொரு பொருளை நான் கண்டதில்லை.

வாங்குபவர்களுக்கு ஓர் அறிவுரை உண்டு: வந்த விடையின்படி நடப்பது என்று முன்பே உறுதி எடுத்துக்கொண்டு அழுத்துங்கள். பிடிக்காத விடை வந்தால் மறுபடி அழுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு அழுத்தினால், எந்தக் கிளையிலும் நீங்கள் விரும்பியதைத்தான் கடைசியில் செய்வீர்கள். கிளைகளுக்குள் வேறுபடுவது எத்தனை முறை அழுத்தினீர்கள் என்பது மட்டுமாகவே இருக்கும்.

நடைமுறைப் பயன் என்று பார்த்தால், ஒரு நல்ல நாணயத்துக்கு மேல் இது எதுவும் தருவதில்லை. இயற்பியலாளர் டேவிட் டாய்ச் 1999இலும் அவரைத் தொடர்ந்து டேவிட் வாலஸும் காட்ட முயன்றது, பல உலகங்களை நம்புகிற ஓர் அறிவுள்ள மனிதர், கிளைகளின் கனத்தை வெறும் நிகழ்தகவாகக் கொண்டு நடப்பவரைப் போலவே முடிவெடுப்பார் என்பதைத்தான். நாணயம் சுண்டுவதிலும் நரம்புகளின் நடுக்கம் வழியே குவாண்டம் தற்செயல் புகுந்துவிடுகிறது என்று வாதிடும் இயற்பியலாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியென்றால் சட்டைப்பையில் உள்ள ஒற்றை ரூபாயே போதுமானது. பணம் செலவழிக்க விரும்பாதவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம், வெற்றிடத்தின் குவாண்டம் சலனங்களை அளந்து பெறும் எண்களை இணையத்தில் வழங்கி வந்திருக்கிறது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் லெவ் வைட்மனும் உலகங்களைப் பிரிக்கும் கருவி ஒன்றை இணையத்தில் அமைத்தார்.

இவையெல்லாம் இருந்தும் இந்தச் செயலியை வாங்கியதில் எனக்கு வருத்தம் இல்லை. எவரெட்டின் கொள்கையைப் படிப்பது வேறு. என் மாலை நடையின் இரண்டு தெருக்களை எழுதி, வந்த தெருவில் நடந்துகொண்டே மற்றத் தெருவில் நடப்பவரைப் பற்றி நினைப்பது வேறு. குவாண்டம் இயற்பியலில் ஆர்வமுள்ள கல்லூரி மாணவர்களுக்கும், அதைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். நடந்துபோன ஒன்றை வேறு விதமாகப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கத்தோடு இருப்பவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அது முன்னோக்கி மட்டுமே கிளைக்கும்.

அண்ணனிடமும் இதையே சொன்னேன். அந்த இரவை இதில் எழுத முடியாது, இது இனிமேல் நடக்கப் போவதை மட்டும்தான் இரண்டாகக் காட்டும், அந்த இரவில் உங்கள் கையில் இருந்த காரணங்களோடு எந்த உலகத்தில் இருந்தாலும் நீங்கள் விடியும் வரை காத்திருந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று சொன்னேன். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது. அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவரே கைபேசியைக் கேட்டு வாங்கினார். பெரியம்மாவின் நினைவாகக் கொல்லையில் ஒரு மரம் வைக்க வேண்டும் என்று இரண்டு கன்றுகள் வாங்கி வைத்திருந்தார். இடம் இருந்தது ஒன்றுக்குத்தான். ஒரு கட்டத்தில் வேம்பு என்றும் மற்றதில் புங்கை என்றும் எழுதி அழுத்தினார். புங்கை வந்தது. குழி தோண்டிக் கன்றை வைத்து மண் அணைத்துத் தண்ணீர் ஊற்றிய பிறகு, “அப்போ அந்த வேம்பு எங்க நிக்குது?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் தயக்கமில்லாத பதில் இருந்தது. எவரெட் சொன்னது சரியாக இருந்தால், எங்கோ தொலைவில் இல்லை அண்ணே, இதே குழியில்தான் நிற்கிறது என்றேன்.